வானத்தின் ஆணையும் ஆற்றின் கரையும்

கதைகளில் வரும் தீயோரை இரு வகையினராகப் பிரிக்கலாம். பொன்னையும் மண்ணையும் விழைந்து தீமை புரிவோர் ஒரு வகையினர். இவர்களைப் பற்றித் திறனாய்வாளன் நெடிது எண்ண வேண்டுவதில்லை. கதை முடியும்போது அவர்களும் முடிந்துபோகின்றனர். உலகைத் திருத்தவேண்டும் என்னும் வேட்கையால் எழுந்து, அவ்வேட்கையின் பெயராலேயே கொடுமைக்குள் இறங்குவோர் மற்றொரு வகையினர். கதை முடிந்த பின்னும் இவர்கள் நம்மோடு வழக்காடிக்கொண்டே இருக்கின்றனர். மில்ட்டன் 1667-இல் வெளியிட்ட காப்பியத்தில் இறைவனை எதிர்த்து எழுந்த சாத்தானே மிகுந்த உயிர்ப்புடன் விளங்குகிறான் என்பதும், அக்கவிஞர் தம்மை அறியாமலே சாத்தானின் பக்கம் நின்றுவிட்டார் என்று பின்வந்த பிளேக் கருதினார் என்பதும் இலக்கிய மாணவர் அறிந்தவை. கம்பர் கண்ட இராவணனையும் கச்சியப்ப சிவாசாரியார் கண்ட சூரபன்மனையும் உடைய தமிழருக்கு, வானவரை எதிர்த்து நிற்கும் பெருவீரனின் கவர்ச்சி புதிதன்று.

ஆயினும் அத்தகைய பாத்திரம் ஒன்றை இன்று நம் பிள்ளைகள் எங்கே சந்திக்கின்றனர் என்று கேட்டால், விடை நம்மை வியக்கவைக்கும். தமிழகத்திற்கு அப்பால், தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நம் இல்லங்களில், இளைஞர் பலர் ‘அனிமே’ எனப்படும் ஜப்பானிய அசைவூட்டப் படங்களை விரும்பிக் காண்கின்றனர். பெரியோராகிய நாம் அவற்றைப் ‘பொம்மைப்படம்’ என்று சொல்லி ஒதுக்கிவிடுகிறோம். நம் காப்பியங்களைப் பிள்ளைகள் படிப்பதில்லையே என்று வருந்துகிறோமேயன்றி, அவர்கள் எதைக் காண்கின்றனர், அதில் எவ்வகை அறச்சிக்கலை எதிர்கொள்கின்றனர் என்று கேட்பதில்லை. கேட்டால், பேசுவதற்குரிய பொருள் நிரம்ப உண்டு. அவ்வாறு பேசுவதற்குத் தகுதியான ஒரு பாத்திரத்தை ஈண்டு ஆராய்வோம். அவன் பெயர் அட்சுயு.

பன்னிரு நாடுகளின் அமைப்பு

ஓனோ ஃபுயுமி என்னும் பெண் எழுத்தாளர் 1992-இல் தொடங்கி, 2019-இல் நான்கு பாகங்களாக வெளிவந்த பெருநாவல் வரை வளர்த்துள்ள நாவல் வரிசை ‘ஜூனி கொக்கி’ என்பதாகும். ‘பன்னிரு நாடுகள்’ என்பது அதன் பொருள். இவ்வரிசையின் முற்பகுதி நாவல்களைக் கொண்டு பியேரோ நிறுவனம் உருவாக்கிய அனிமேத் தொடரை, கோபயாஷி சுனேயோ இயக்கினார். ஜப்பானின் பொது ஒலிபரப்பு நிறுவனமாகிய என்.எச்.கே. அதனை 2002 ஏப்ரல் முதல் 2003 ஆகஸ்ட் வரை 45 பகுதிகளாக ஒளிபரப்பியது. அட்சுயுவின் கிளர்ச்சி 1994-இல் வெளிவந்த நாவலில் இடம்பெறுகிறது. அனிமேத் தொடரின் இறுதிப் பகுதிகளும் அதுவே.

கதை நிகழும் உலகம் பண்டைய சீனத்தை ஒத்தது. அதில் பன்னிரண்டு நாடுகள். நாட்டுக்கு ஒன்றாகக் ‘கிரின்’ என்னும் ஒற்றைக் கொம்புடைய தெய்வ விலங்கு பிறக்கும். மனித வடிவும் எடுக்கும். வானவேந்தனின் திருவுளத்தை உணர்ந்து மன்னனைத் தேர்ந்தெடுப்பது அதன் கடமை. தேர்வு பெற்ற மன்னனுக்கு மூப்பு இல்லை. நெறி தவறாதவரை சாவும் இல்லை. நெறி தவறினால் கிரின் நோயுறும். கிரின் இறந்துபட்டால் மன்னனும் பிழைப்பதில்லை. அரியணை வெறுமையாகக் கிடக்கும் நாட்டில் மழை பொய்க்கும், வெள்ளம் பெருகும், ஊனுண்ணும் பேய்விலங்குகள் மலிந்து திரியும். எனவே அங்கே மன்னன் என்பான் ஆட்சியாளன் மட்டுமல்லன். இயற்கையின் ஒழுங்கையே தாங்கி நிற்கும் தூண். அவனை எதிர்ப்பவன் வானத்தையே எதிர்ப்பவனாகிறான்.

இந்த அமைப்பில் ஆசிரியர் ஒரு நுட்பமான ஐயத்தை முதலிலிருந்தே விதைத்துவிடுகிறார். மன்னனைத் தேர்வது வானம் என்றால், கொடுங்கோலர் எவ்வாறு தோன்றினர்? அவர்களும் கிரினால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களே அல்லவா? நல்லவனாகத் தொடங்கியவன் கெட்டான் எனின், கெடப்போகிறவனை வானம் அறியாதா? கதையின் உலகில் வாழும் மக்களே இவ்வினாக்களை எழுப்புகின்றனர். அவர்களுள் மிக உரக்க எழுப்பியவன் அட்சுயு.

அட்சுயுவின் வழக்கு

கிளர்ச்சி நிகழும் நாட்டின் பெயர் ‘என்’. காட்டு வாத்தைக் குறிக்கும் எழுத்தால் அமைந்த பெயர் அது. தமிழ்ச் செவிக்கு ‘எனது நாடு’ என்று ஒலிப்பது தற்செயலே. எனினும், ‘நாடு எவருடையது’ என்னும் வினாவைச் சுற்றியே கதை சுழல்வதால், அத்தற்செயலும் பொருந்தியே இருக்கிறது. முந்தைய மன்னனின் கொடுமையாலும், அவனுக்குப் பின் நெடுங்காலம் மன்னனே இல்லாமற்போனதாலும் அந்நாடு கருகிக் கிடந்தது. இறுதியில் ஷோர்யூ என்பவன் அரியணை ஏறினான். அவன் ஆட்சிக்கு வந்து 20 ஆண்டுகள் கழிந்த நிலையில் கதை தொடங்குகிறது.

கென் என்னும் மாநிலத்தின் தலைவனுடைய மகன் அட்சுயு. நோயுற்றதாகச் சொல்லப்படும் தந்தைக்குப் பதிலாக ஆட்சிப் பொறுப்பைத் தானே நடத்துகிறான். நாடெங்கும் பாழ்பட்டபோதும் அவன் மாநிலத் தலைநகர் மட்டும் ஓரளவு செழிப்புடன் விளங்கியது. குடிகள் அவனைப் போற்றினர். பணியாளர் அவனுக்காக உயிரையும் கொடுப்பர். அவன் முறையீடு எளியது, நேர்மையானது. ரொக்குசுய் என்னும் ஆற்றின் கரைகள் முந்தைய கொடுங்கோன்மையின் காலத்தில் சிதைந்து கிடக்கின்றன. மழைக்காலம் வந்தால் வெள்ளம் மாநிலத்தை வாரிச் செல்லும். கரையைக் கட்டலாம் என்றால், மாநிலங்களுக்கு இருந்த அதிகாரங்களைப் புதிய மன்னன் பறித்து வைத்துக்கொண்டிருக்கிறான். தானும் கட்டவில்லை, கட்டுவோரையும் விடவில்லை. மன்னனோ அரண்மனையில் தங்குவதில்லை, மாறுவேடம் பூண்டு ஊர்களில் திரிகிறான், சூதாடுகிறான், அமைச்சர்கள் அவனைத் தேடி அலைகின்றனர்.

இந்த முறையீட்டைப் படிக்கும் எவர்க்கும் உள்ளம் அட்சுயுவின் பக்கமே சாயும். தொலைவிலுள்ள தலைநகரின் ஒப்புதலுக்காகக் காத்துக் கிடந்து, வெள்ளத்தை எதிர்நோக்கியிருக்கும் ஆற்றங்கரை மக்களின் துயர் எந்த நாட்டார்க்கும் விளங்கக்கூடியது. ஆசிரியர் அவனுக்கு அளித்திருக்கும் முதல் வழக்கு பொய் வழக்கு அன்று, மெய் வழக்கு. இதுவே அவனைச் சிறுவர் கதைகளின் அரக்கர்களிலிருந்து வேறுபடுத்துகிறது.

அவன் செயல் மட்டும் தொடக்கத்திலேயே திரிந்து நிற்கிறது. மன்னனைத் தேர்ந்த கிரினாகிய ரொக்குதாவை, ஒரு பச்சிளங் குழந்தையின் உயிரைப் பிணையாக வைத்துக் கவர்ந்துவருகிறான். கிரின் குருதியைக் கண்டாலே நோயுறும் இயல்பினது. பிறர் உயிர்க்கு ஊறு நேர்வதைப் பொறாதது. அந்த இரக்கத்தையே விலங்காக மாட்டுகிறான். பின்னர் அவன் கோரிக்கையும் வளர்கிறது. ஆற்றுக்கரை அதிகாரம் கேட்டவன், மன்னனுக்கும் மேலான ஓர் இடத்தைக் கேட்கிறான். மன்னன் பெயரளவில் இருந்து வானத்தின் ஒழுங்கைக் காக்கட்டும், ஆட்சியைத் திறமையுடைய தான் நடத்துவேன் என்பது அவன் ஏற்பாடு. வானத்தின் தேர்வைக் கொல்லாமல், அதைச் செல்லாததாக்கும் சூழ்ச்சி அது.

மூழ்கும் கப்பலும் பழைய வழக்கும்

இவ்வழக்கு ஓனோவின் கற்பனையில் மட்டும் பிறந்ததன்று. அதன் வேர் நெடியது. கி.மு. 11-ஆம் நூற்றாண்டளவில் சீனத்தில் ஷாங் மரபை வீழ்த்திய சௌ மரபினர், ‘வானத்தின் ஆணை’ தம்மிடம் வந்துவிட்டது என்று கூறித் தம் செயலை நிலைநாட்டினர். அவ்வாணை ஒரு குடிக்கு நிலையாக உரியதன்று. நெறி கெட்டவனிடமிருந்து நீங்கிவிடும். சௌ மரபின் பிற்காலத்தில் வாழ்ந்த மென்சியசு இக்கருத்தை இன்னும் கூர்மையாக்கினார். நாட்டில் மக்களே முதன்மையானவர், மன்னன் இறுதியில் எண்ணப்படுவான் என்பது அவர் துணிபு. அறங்கெட்ட மன்னனைக் கொன்றவன் மன்னனைக் கொன்றவன் ஆகான், வெறும் ஓர் ஆளைக் கொன்றவனே ஆவான் என்றும் அவர் கருதினார்.

இக்கருத்து ஜப்பானில் எளிதில் அமரவில்லை. கதிர்த்தெய்வத்தின் வழிவந்த ஒரே குடியே அரியணைக்குரியது என்னும் நம்பிக்கை அங்கே நிலவியது. அதனால், மென்சியசின் நூலை ஏற்றிவரும் கப்பல் புயலில் சிக்கி மூழ்கிவிடும் என்று ஒரு கதையே வழங்கியது. உவேதா அக்கினாரி 1776-இல் வெளியிட்ட ‘உகெட்சு மொனொகத்தாரி’ என்னும் பேய்க்கதைத் தொகுப்பின் முதற்கதையில் இச்செய்தி வருகிறது. திரைப்பட ஆர்வலர் இத்தொகுப்பின் பெயரை, அதிலுள்ள வேறு கதைகளைக்கொண்டு மிசோகுச்சி 1953-இல் எடுத்த படத்தின் வாயிலாக அறிந்திருக்கலாம். அம்முதற்கதையில், 1156-ஆம் ஆண்டுக் கலகத்தில் தோற்று நாடுகடத்தப்பட்டு மாண்ட சுத்தொக்குப் பேரரசரின் ஆவி, துறவிக் கவிஞர் சைக்யோவின் முன் தோன்றித் தன் கலகம் அறத்தின்பாற்பட்டதே என்று வழக்காடுகிறது. அந்த ஆவி துணைக்கு அழைப்பது மென்சியசின் கொள்கையையே. சைக்யோ அதனை மறுக்குமிடத்தில்தான் மூழ்கும் கப்பலின் கதையைச் சொல்கிறார்.

அட்சுயுவை இந்த ஆவியின் வழித்தோன்றல் என்று கொள்ளலாம். மக்கள் நலத்தின் பெயரால் வானத்தின் தேர்வை மறுப்பது இருவர்க்கும் பொது. இருவரிடமும் வாதம் ஒன்றாகவும் உள்ளம் வேறாகவும் இருக்கிறது. வாதத்தில் மக்கள், உள்ளத்தில் தான். சுத்தொக்குவின் ஆவி பேசப்பேச, அறவழக்கின் அடியில் கிடக்கும் தீராப் பகை வெளிப்படுகிறது. அட்சுயுவின் அடியில் கிடப்பது எது என்பதை ஓனோ எவ்வாறு வெளிக்கொணர்கிறார் என்பதே இக்கதையின் நடுநாயகமான கலைத்திறன்.

கரையை உடைக்கச் சொன்னவன்

அவர் அதனைச் சொற்போரால் வெளிக்கொணரவில்லை; ஒரு மண்கரையால் வெளிக்கொணர்கிறார். மாநிலத் தலைநகரை முற்றுகையிட வந்த மன்னனின் படை, போர் தொடுக்காமல் ரொக்குசுய் ஆற்றின் ஓரத்தில் கரை கட்டத் தொடங்குகிறது. படையில் பெரும்பகுதியினர் கூலிப் படையினர் அல்லர். மன்னன் மாண்டால் மீண்டும் அந்தப் பாழ்நிலை வந்துவிடுமே என்று அஞ்சித் தாமே முன்வந்த உழவரும் எளியோரும் ஆவர். அவர்கள் மண் சுமக்கின்றனர். மாநிலத்து ஊர்மக்களும் அதனைக் காண்கின்றனர். தம் தலைவன் கேட்டுக்கொண்டிருந்த கரை, பகைவன் கையால் உயர்கிறது.

அட்சுயுவின் முன் இப்போது இரு வழிகள் உள்ளன. தான் கேட்டது கிடைத்தது என்று வாளைக் கீழே வைக்கலாம். அல்லது கரை உயர்வதைத் தன் தோல்வியாகக் கருதலாம். அவன் இரண்டாவதைத் தெரிந்துகொள்கிறான். கரையை உடைத்து, வெள்ளத்தை மன்னன் படையின்மேல் விடுமாறு ஆணையிடுகிறான். அவ்வாணையை நிறைவேற்ற வந்த வீரர்களைத் தடுத்து நிற்போர், எந்த மக்களுக்காக அவன் கிளர்ச்சி செய்தானோ அந்த ஊர்மக்களே.

எளிய நிகழ்ச்சிதான்; ஆயினும் அதற்குப் பின் வாதத்திற்கு வேலையே இல்லை. கரைக்காகக் கிளர்ந்தவன் கரையை உடைக்கச் சொல்கிறான். அவனுக்கு வேண்டியது கரை அன்று. கரையைக் கட்டியவன் என்னும் பெயர். மக்கள் நலம் அவன் விரும்பாததன்று. அந்நலம் தன் கை வழியாக மட்டுமே வரவேண்டும் என்று விரும்பினான். இலட்சியம் என்பதற்கும் இலட்சியவாதி என்னும் பட்டத்திற்கும் உள்ள இடைவெளியை, அறிவுரை ஒரு சொல்லும் இல்லாமல் இந்த ஒரு காட்சி காட்டிவிடுகிறது.

பழி ஏற்கும் ஆற்றல்

இக்காட்சிக்குப் பின் முன்னர் நடந்தவற்றை எண்ணிப் பார்த்தால், அட்சுயுவின் வாழ்க்கை முழுவதும் ஒரே வடிவில் அமைந்திருப்பது புலனாகும். நோயுற்றதாகச் சொல்லப்பட்ட தந்தை உண்மையில் கோட்டையின் அடியில் சிறைப்பட்டுக் கிடக்கிறார். வில்விழா ஒன்றில் அம்பு குறி தவறியபோது, இலக்கை வைத்த பணியாளின் மேல் குற்றம் சுமத்தித் தண்டித்தான் என்றொரு பழைய செய்தியும் நாவலில் வருகிறது. எல்லாம் வெளிப்பட்டுத் தப்ப வழியில்லாத இறுதி வேளையில்கூட, தனக்கு உண்மையாக உழைத்த முதிய அமைச்சர்மேல் பழியைத் திருப்புகிறான். அடிபணிவதாகச் சொல்லி, மன்னன் முதுகு காட்டியவுடன் தாக்க முயன்று உயிர்விடுகிறான்.

இவனை வெறும் வஞ்சகன் என்று முடித்துவிடுதல் பொருந்தாது. வஞ்சகன் தன் குற்றத்தை அறிவான், உலகிற்கு மறைப்பான். அட்சுயு தன் குற்றத்தைத் தனக்கே மறைக்கிறான். தன்னைக் குறையற்றவனாகக் காண வேண்டும் என்னும் தாகம் அவனுக்கு உயிர்த்தாகமாக இருக்கிறது. குறி தவறிய ஓர் அம்பைப் பொறுக்க முடியாதவன், வானம் தன்னைத் தேர்ந்தெடுக்கவில்லை என்னும் செய்தியை எவ்வாறு பொறுப்பான்? அவன் வானத்தை எதிர்த்ததன் அடிப்படை, மன்னன் தகுதியற்றவன் என்பது மட்டுமன்று; தகுதியுடைய என்னை வானம் காணத் தவறிவிட்டது என்பதே.

சிலப்பதிகாரத்தைக் கற்ற நமக்கு இவ்விடத்தில் பாண்டியன் நினைவுக்கு வருவது இயல்பு. அவன் செய்த பிழை சிறிதன்று. ஆராயாமல் ஓர் உயிரைப் போக்கினான். ஆயினும் உண்மை தெரிந்த நொடியில் பழியை எவர்மேலும் ஏற்றவில்லை. பொற்கொல்லனைக் காட்டித் தப்பியிருக்கலாம், தப்பவில்லை. பிழை செய்தும் அவன் நம் மதிப்பிற்குரியவனாக நிற்பதற்கு அந்த ஒரு நொடியே காரணம். அட்சுயுவின் வாழ்வில் அத்தகைய நொடி ஒன்று பலமுறை வந்து கதவைத் தட்டுகிறது. அவன் ஒருமுறையும் திறக்கவில்லை.

கடல் கடந்து வந்த மன்னன்

எதிரணியில் நிற்கும் ஷோர்யூவை ஆசிரியர் எவ்வாறு படைத்துள்ளார் என்பதும் கருதத்தக்கது. அவன் ஜப்பானில் உள்நாட்டுக் கடலோரத்துச் சிற்றரசன் ஒருவனின் மகனாகப் பிறந்தவன். முரகாமி கடற்படையின் தாக்குதலில் அவன் ஊரும் குடிகளும் அழிந்தனர். தன்னை இளங்கோவாக ஏற்ற மக்கள் அனைவரும் மாண்ட பின், மக்கள் இல்லாத தலைவன் தலைவனே அல்லன் என்பதைத் தன் உடம்பின் புண்ணாகவே உணர்ந்தவன். அந்நிலையில் நாடு வேண்டுமா என்று ரொக்குதா கேட்க, வேண்டும் என்று கடல் கடந்து வந்தான்.

ரொக்குதாவும் அவ்வாறே. 1467 முதல் 1477 வரை கியோத்தோவைச் சாம்பலாக்கிய ஓனின் போரின் காலத்தில், பசியால் வாடிய குடும்பம் ஒன்று அவனைச் சிறு குழந்தையாக மலையில் கைவிட்டது. மன்னர் என்போர் எளியோரை அழிப்பவர் என்னும் வெறுப்பு அவன் நெஞ்சில் ஆழப் பதிந்தது. மன்னனைத் தேர்வதற்கென்றே பிறந்த கிரின், மன்னர் வேண்டாம் என்று எண்ணுவது எத்தகைய முரண்! அதனால்தான் அட்சுயுவின் பேச்சு அவனை உள்ளுக்குள் அசைக்கிறது. வானத்தின் தூதனே வானத்தை ஐயுறும்போது, எதிரியின் சொல் நுழைவதற்கு வாயில் திறந்தே இருக்கிறது.

இங்கே புலம்பெயர்ந்து வாழும் நாம் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. அவ்வுலகில் குழந்தைகள் மரத்தில் காய்க்கும் கனிகளிலிருந்து பிறப்பர். சுழற்புயல் ஒன்றால் சில கனிகள் ஜப்பானுக்கு அடித்துச் செல்லப்பட்டு, அங்கே ஒரு தாயின் வயிற்றில் பிறந்துவிடும். ஷோர்யூவும் ரொக்குதாவும் அத்தகையோர். வேர் ஓரிடம், பிறப்பு வேறிடம். அட்சுயுவோ அம்மண்ணிலேயே பிறந்து வளர்ந்து, அம்மாநிலத்தைத் தலைமுறையாக ஆளும் குடியைச் சேர்ந்தவன். மண்ணின் மைந்தன் நல்லவன், வெளியிலிருந்து வந்தவன் தீயவன் என்றோ, அதற்கு மறுதலையாகவோ இக்கதை எளிமைப்படுத்தவில்லை. நாட்டுக்கு உரியவன் யார் என்னும் வினாவுக்கு அது பிறப்பைக் கொண்டு விடை சொல்வதில்லை. மண் சுமக்கும் தோளைக் கொண்டே விடை சொல்கிறது.

வானம் குற்றமற்றதா?

அவ்வாறாயின் வானத்தை எதிர்ப்பதே தீது என்பதுதான் இக்கதையின் முடிவா? அன்று. இதற்குச் சான்று அதே தொடரில் வரும் கெக்கெய் என்னும் மற்றொரு பாத்திரம். ஹோ என்னும் நாட்டின் மன்னன், தூய்மையின் பெயரால் சிறு குற்றங்களுக்கும் கொலைத்தண்டனை விதித்துக் குடிகளை அழிக்கிறான். மாநிலத் தலைவனான கெக்கெய் கிளர்ந்தெழுந்து, அம்மன்னனையும் அரசியையும் கொல்கிறான், கிரினும் கொல்லப்படுகிறது. செயலளவில் நோக்கினால் அட்சுயு செய்ததினும் பன்மடங்கு பெரிய வானத்துரோகம் இது. ஆயினும் ஆசிரியர் அவனைத் தீயவனாகக் காட்டவில்லை.

வேறுபாடு எங்கே உள்ளது? கெக்கெய் தன் செயலைக் குற்றம் என்றே கருதுகிறான். தேவையான குற்றம், ஆயினும் குற்றமே. 2001-இல் வெளிவந்த சிறுகதைத் தொகுதியில், அவனை ஆட்சிப் பொறுப்பை ஏற்குமாறு பிற அதிகாரிகள் வேண்டும்போது, மன்னனைக் கொன்ற கையால் மன்னன் இடத்தைத் தொடலாகாது என்று தயங்குகிறான். நெடிது தயங்கிய பின்னரே இடைக்காலப் பொறுப்பாக ஏற்க இசைகிறான். அட்சுயு குருதி சிந்துவதற்கு முன்பே இருக்கையைக் கேட்டவன். கெக்கெய் எல்லாம் முடிந்த பின்னும் இருக்கைக்கு அஞ்சுபவன். இவ்விருவரையும் அருகருகே நிறுத்தினால், கிளர்ச்சியை அளக்கும் கோல் ஒன்று நம் கைக்கு வருகிறது. கிளர்ந்தவன் எதை எதிர்த்தான் என்று கேட்பதோடு, எதிர்த்ததன் பழியை எவன் சுமந்தான் என்றும் கேட்கவேண்டும் என்பதே அக்கோல்.

வானத்தையும் ஆசிரியர் குற்றமற்றதாக விட்டுவிடவில்லை. 2001-இல் வந்த மற்றொரு நாவலில், கெய் நாட்டின் இளம் அரசி யோகோ, வானத்தின் சட்டங்களைக் காப்போரைச் சந்திக்க நேர்கிறது. அங்கே அவள் காண்பது பேரருளின் கடலை அன்று. விதிகளின் எழுத்துக்குக் கட்டுண்ட ஓர் அமைப்பை. வானம் என்பது மெய்யாகவே இருக்கும் ஒன்றானால், அது பிழைக்கு அப்பாற்பட்டதாக இருத்தல் இயலாது என்னும் முடிவுக்கு அவள் வருகிறாள். அட்சுயு எழுப்பிய ஐயத்தையே, பல நாவல்களுக்குப் பின், அவனினும் நேர்மையான ஒருத்தியின் வாயிலாக ஆசிரியர் மீண்டும் எழுப்புகிறார். எதிரியின் வினா எதிரியோடு மடியவில்லை.

ஒரு குறை

இத்தனை சிறப்பும் கூறிய பின், குறை ஒன்றையும் கூறுதல் திறனாய்வின் கடன். அட்சுயுவின் கதையை மட்டும் தனியே எடுத்துக்கொண்டால், ஆசிரியர் தராசின் ஒரு தட்டைச் சற்றே அழுத்திவிட்டார் என்று தோன்றுகிறது. அவன் எழுப்பிய வினா, தகுதியற்ற ஆட்சியைப் பொறுத்துக்கொள்ள வேண்டுமா என்பது. கதை அளிக்கும் விடை, கேட்டவன் கயவன் என்பது. கேட்டவன் கயவன் ஆனதால் கேள்வி பொய்யாகிவிடுமா? தந்தையைச் சிறைவைக்காத, பழியை ஏற்கத் தெரிந்த ஒருவன் அதே ஆற்றங்கரையில் நின்று அதே கேள்வியைக் கேட்டிருந்தால், ஷோர்யூ என்ன விடை சொல்லியிருப்பான்? 20 ஆண்டுகளாகக் கரை கட்டப்படாமற் கிடந்தது மன்னன் பொறுப்பே அல்லவா? முற்றுகையின்போது கட்ட முடிந்த கரையை முன்னரே கட்டியிருந்தால் கிளர்ச்சிக்கே இடம் இருந்திராதே! கதை இதனைத் தொட்டும் தொடாமலும் கடந்துசெல்கிறது.

அனிமே வடிவத்தில் இக்குறை இன்னும் மிகுதியாகத் தெரிகிறது. நாவல் வரிசையைப் படிப்போர், கெக்கெயின் தயக்கத்தையும் யோகோவின் ஐயத்தையும் பின்னர்ப் படித்து நிறைவு பெறலாம். தொடரோ 2003-இல் இக்கிளர்ச்சிக் கதையோடே நின்றுபோயிற்று. யோகோவின் ஐயம் இடம்பெறும் நாவலை அது காட்டவில்லை. ஆதலால் அதனை மட்டும் காணும் இளைஞர், நல்லவன் போல் பேசுபவன் எல்லாம் உள்ளே தீயவன், முறையீடு செய்பவனின் உள்நோக்கத்தைத் தோண்டினால் போதும் என்னும் தவறான பாடத்தைக் கற்றுவிடக்கூடும். ஆட்சியாளர்க்கு மிக வசதியான பாடம் அது. நாம் பிள்ளைகளோடு உரையாட வேண்டிய இடமும் இதுவே. ‘அட்சுயு கெட்டவன்’ என்று அவர்கள் சொன்னால், ‘சரி, ஆனால் அவன் கேட்டது தவறா?’ என்று நாம் கேட்கவேண்டும். அந்த ஒரு கேள்வியில் ஒரு மாலை முழுவதும் பேசுவதற்குரிய பொருள் அடங்கியிருக்கிறது.

கோயா

இறுதியாக, இக்கதையில் என் உள்ளத்தை மிகுதியும் தொட்ட பாத்திரம் மன்னனும் அன்று, கிளர்ந்தவனும் அன்று. கோயா என்னும் இளைஞன். ரொக்குதாவைப் போலவே பஞ்சத்தில் கைவிடப்பட்டவன். பேய்விலங்கு ஒன்றால் வளர்க்கப்பட்டவன். அதனுடன் திரிந்தமையால் எந்த ஊரும் அவனை உள்ளே விடவில்லை. அவனுக்குப் பெயர் தந்தவன் ரொக்குதா. இடம் தந்தவன் அட்சுயு. அந்த நன்றிக்காக அவன் தன் தலைவனின் இருண்ட செயல்களையெல்லாம் தன் கையால் செய்தான். தலைவன் வாய்விட்டு ஆணையிடுவதில்லை, குறிப்புக் காட்டுவான். குருதி கோயாவின் கையில் படியும். தலைவனின் கை தூயதாகவே இருக்கும். கோயா இதனை அறியாதவன் அல்லன். அறிந்தும், வேறு போக்கிடம் இன்மையால் அறியாதவன்போல் வாழ்ந்தான்.

இலட்சியம் பேசும் தலைவர்களால் முதலில் அழிவோர் பகைவர் அல்லர். அவர்களை நம்பிய இத்தகைய ஆதரவற்றோரே. எல்லாம் முடிந்த பின், இந்த நாடு அழிந்தால் எனக்கென்ன என்று கோயா கூறும்போது மன்னன் சினம் கொள்கிறான். நீயும் என் குடியே, உன் அழிவும் என் அழிவே என்பது அச்சினத்தின் பொருள். பேய்விலங்குக்கும் அஞ்சவேண்டாத வளமான நாடு ஒன்றைச் செய்து தருவேன் என்று அவனுக்கு வாக்களிக்கிறான். கோயா அந்நாட்டில் தங்கவில்லை. தன் விலங்கோடு மனிதர் வாழாத நிலத்திற்குச் சென்றுவிடுகிறான். ஷோர்யூவின் ஆட்சியோ 500 ஆண்டுகள் நீள்கிறது. அவ்வளவு நெடிய ஆட்சியை வானம் தந்த வரம் என்றும் சொல்லலாம். போக்கிடமற்ற ஒருவனுக்குக் கொடுத்த வாக்கை மன்னன் இன்னும் நிறைவேற்றிக்கொண்டிருக்கிறான் என்றும் சொல்லலாம். எனக்கு இரண்டாவதே பொருத்தமாகப் படுகிறது.